ராயலுக்குச் சேறு ஆகாது

அந்த வண்ணப் புத்தகத்தில் மொத்தம் பதினாறு பக்கம். அதை ராஜவேல் பத்தொன்பது நாள் படித்தார்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அவர் ஊறுகாய் ஜாடி செய்யும் கம்பெனி வைத்திருந்தார். அதைவிட முக்கியமாக, சிறு செராமிக் உற்பத்தியாளர் நலச் சங்கத்துக்குத் துணைத் தலைவராக இருந்தார். சங்கத்தில் பதினோரு பேர். அதில் ஏழு பேர் துணைத் தலைவர்கள். ராஜவேலின் லெட்டர் பேடில் கம்பெனியின் பெயரைவிட அந்தப் பதவி பெரிய எழுத்தில் இருக்கும்.

புத்தகத்தை அனுப்பியது பாண்டிச்சேரியில் உள்ள ஒரு ஷோரூம். காடு மேடெல்லாம் ஏறும் புது பிக்கப் வண்டி. அட்டையில் அது ஒரு பாறையின் உச்சியில் நின்றது. உள்ளே டிரைவர் இல்லை.

"எப்படிய்யா ஏத்தியிருப்பான்?" என்று ராஜவேல் வியந்தார்.

"கிரேன் வச்சுத்தான் மொதலாளி" என்றான் டிரைவர் பாவாடை. அதற்குப் பிறகு பாவாடையிடம் புத்தகத்தைக் காட்டுவதை அவர் நிறுத்திவிட்டார்.

கம்பெனியை உண்மையில் நடத்தியது அவர் மனைவி சுலோச்சனா. மண் பிசைவதில் இருந்து சூளை பிரிப்பது வரை அவள் கண் முன்னால்தான் நடக்கும். அந்தத் தொண்ணூற்றாறாம் வருஷம் அவளுக்கு ஒரே ஒரு கவலை. சென்னையில் ஊறுகாய் கம்பெனி நடத்தும் ஓர் அம்மாளுக்குக் கார்த்திகைக் கடைசிக்குள் இரண்டாயிரம் ஜாடி தருவதாக அவளே நேரில் போய் வாக்குக் கொடுத்திருந்தாள். போன வருஷமும் அதே வாக்குதான். ஐப்பசி மழையில் மண் வராமல் நாற்பது நாள் கம்பெனி மூடிக் கிடந்தது. ஜாடி போய்ச் சேரவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பிளாஸ்டிக்குக்கு மாறிடுவேன்மா" என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னதுதான் சுலோச்சனாவுக்கு உறுத்தியது.

கையில் இருந்த மண் ஆயிரம் ஜாடிக்குத்தான் வரும். மீதி ஆயிரத்துக்கான மண் கருவேப்பிலங்குறிச்சி தாண்டி ஒரு குழியில் இருந்தது. தார் ரோடு முடிந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். வெயிலில் அது பாதை. மழை விழுந்தால் கூழ். லாரிக்காரர்கள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். டிராக்டர்களெல்லாம் உழவுக்குப் போய்விடும். முன்கூட்டியே மண் வாங்கிக் குவித்து வைக்க ஒரு கொட்டகை இருக்கத்தான் செய்தது. அதைத்தான் ராஜவேல் வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, சங்கத்தின் கருத்தரங்கக் கூடமாக ஆக்கியிருந்தார். இதுவரை அதில் ஒரே ஒரு கருத்தரங்கு நடந்திருக்கிறது. தலைப்பு: மழைக்காலத்தில் மண் தட்டுப்பாடு.

ஆகவே வண்டி வேண்டும் என்பதில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையில்லை. எந்த வண்டி என்பதில்தான்.

ஷோரூமில் இருந்து பிரேம்நாத் வந்தான். கழுத்தில் டை கட்டி, கையில் பெட்டியோடு, வேப்பூர் பஸ்ஸில் இருந்து இறங்கி நடந்து வந்தான்.

"டெமோ வண்டி சர்வீஸ்ல இருக்குங்க சார்" என்றான். "மூணு ரகம் இருக்குது. ஸ்டாண்டர்டு, டீலக்ஸ், ராயல். அதுக்கு மேல மூணு பேக்கேஜ். கம்ஃபர்ட், ஸ்டைல், ரஃப் ரோடு."

"எல்லாத்தையும் சேத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்றார் ராஜவேல் பெருந்தன்மையாக.

"அப்படி வராதுங்க சார். ராயல் எடுத்தா கம்ஃபர்ட்டும் ஸ்டைலும் கூடவே வந்துரும். ஏசி, வெல்வெட் சீட்டு, டேப் ரிக்கார்டர், காலுக்குக் கீழ கார்பெட்டு, பச்சை வெளிச்சத்துல மணி காட்டுற கடிகாரம். டீலக்ஸ் எடுத்தா அந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணு. ரஃப் ரோடு பேக்கேஜ் ஸ்டாண்டர்டுக்கு மட்டும்தான்."

கையில் ஈர மண்ணோடு கதவோரம் நின்றிருந்த சுலோச்சனா கேட்டாள்: "அந்த ரஃப் ரோடுல இன்னாங்க வரும்?"

"ஃபோர் வீல் டிரைவ் மேடம். மத்த வண்டியில பின்சக்கரம் ரெண்டும்தான் இழுக்கும். இதுல ஒரு லீவரைப் போட்டா நாலும் சேந்து இழுக்கும். சேத்தக் கவ்விப் புடிக்கிற பட்டன் டயரு. அடியில கல்லு படாம இரும்புத் தகடு."

"சேத்துல போவுமா?"

"சேத்துக்குன்னே செஞ்சது மேடம்."

"ராயலு?"

பிரேம்நாத் டையைத் தடவிக்கொண்டான். "ராயல் எடுக்கிறவங்க சேத்துப் பக்கம் போறதில்லைங்க மேடம்."

"அப்ப ஸ்டாண்டர்டு. எப்பக் கெடைக்கும்?"

"யார்டுல ஒண்ணு ரெடியா நிக்குது. பத்து நாள்ல வந்துரும். ராயல்னா ஆறு வாரம் ஆவும்."

பத்தொன்பது நாள் ஆராய்ச்சியை ஒருத்தி நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டதில் ராஜவேலின் முகம் சுருங்கியது. "நீ போயி டீ சொல்லு" என்றார்.

அவர் முகம் சுருங்க வேறொரு காரணமும் இருந்தது. சூளையில் இருந்து இறங்கும் ஒவ்வொரு ஜாடியையும் ராஜவேல்தான் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கம்பெனியில் அவர் செய்யும் ஒரே வேலை அது. அதில் அவரை அடித்துக்கொள்ளப் பேட்டையில் ஆள் கிடையாது. மணி மாதிரி ஒலித்தால் முதல் ரகம். 'டொக்' என்றால் எங்கோ மயிரிழை விரிசல், இரண்டாம் ரகம். இரண்டாம் ரகம் என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? எனவே நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு லேபிள் அச்சடித்தார். நல்ல ஜாடிக்கு 'டீலக்ஸ்'. விரிசல் ஜாடிக்கு, மெழுகு வைத்துத் தேய்த்துவிட்டு, 'ஸ்டாண்டர்டு'. ஸ்ரீமுஷ்ணம் திருவிழாவில் ஸ்டாண்டர்டுதான் சக்கைப்போடு போடும். உப்புத் தண்ணீர் ஒழுக ஆரம்பிப்பதற்குள் கடையைக் கட்டிவிடுவார்கள்.

சுலோச்சனாவின் தலை மறைந்ததும் அவர் மேஜை மேல் குனிந்தார்.

"தம்பி, உண்மையச் சொல்லுங்க. ஸ்டாண்டர்டுல விரிசல் எங்க?"

"விரிசலா? சார், அது புது வண்டிங்க சார்."

"எல்லாமே புதுசுதான் தம்பி. சூளையிலேருந்து எறங்கும்போதே வர்ற சமாச்சாரம் அது. அடியிலதானே? அதுக்குத்தானே இரும்புத் தகடு போட்டு மறைச்சிருக்காங்க?"

பிரேம்நாத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ராயல் விற்றால் ஷோரூம் பலகையில் அவன் பெயரை எழுதுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. "சார் மாதிரி விவரமானவங்க கேட்டா நான் இன்னாத்தச் சொல்றது" என்று மட்டும் சொன்னான்.

ராஜவேல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தொழில் தெரிந்தவனை யாரும் ஏமாற்ற முடியாது.

அன்று மாலை வீட்டில் சுலோச்சனா சோற்றுத் தட்டை வைத்தபடியே ஆரம்பித்தாள். "ஏங்க, மண்ணு அள்ளப் போற வண்டிக்கு எதுக்குங்க கார்பெட்டு?"

"சங்கத்துல ஒருத்தனாவது ஸ்டாண்டர்டுல வந்து எறங்குறானா?"

"சங்கத்துல எல்லாரும் மொபெட்டுலதான் வந்து எறங்குறாங்க."

"இந்தா, ஸ்டாண்டர்டுன்னா இன்னான்னு எனக்கா தெரியாது? எத்தினி ஆயிரம் ஒட்டியிருக்கேன்?"

"அது நாம பண்ற திருட்டுத்தனம். ஊரு ஒலகமே நம்மள மாதிரியா இருக்கும்?"

"தொழில் பண்றவன் எல்லாம் ஒண்ணுதாண்டி" என்றார் ராஜவேல். உலகத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஊருக்குள் கடைத்தெருவில் பெயிண்டுக் கடை வைத்திருந்த அப்துல் லத்தீப் சவூதியில், தம்மாமில் ஒன்பது வருஷம் பிக்கப் ஓட்டியவர். அவரும் சொல்லிப் பார்த்தார்.

"மொதலாளி, மணல்ல ஓட்டினவன் சொல்றேன். நாலு சக்கரமும் இழுக்கலன்னா அது வண்டியில்ல, கட்டிலு."

"பாய், நீங்க அரபிக்காரனுக்கு டிரைவரா ஓட்டுனீங்க. நான் ஓனரா வாங்குறேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதுல்ல?"

"இருக்குது மொதலாளி. அது சேத்துக்குத்தான் தெரியாது."

ராயல் புக் ஆயிற்று. ஆறு வாரம் என்று சொன்னது ஏழாயிற்று. காரணம், ராஜவேல் லெட்டர் பேடில் நாலு கடிதம் எழுதினார். முதலில் நிறம் கருநீலம் என்றார், பிறகு தந்த வெள்ளை என்றார். மூன்றாவது கடிதத்தில் ஏறி இறங்கப் பக்கவாட்டில் பளபளப்பான படி கேட்டார். நாலாவதில், பின்கதவில் 'துணைத் தலைவர்' என்று எழுதுவது எந்தப் பேக்கேஜில் வரும் என்று விசாரித்தார். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஷோரூம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. சுலோச்சனா தினமும் மண் மேட்டைப் பார்த்தாள். அது இடுப்பளவில் இருந்து முழங்காலளவு ஆனது. ஐப்பசி நாலாம் தேதி மழை பிடித்தது.

பத்தாம் தேதி ராயல் வந்தது. கருத்தரங்கக் கூடத்தின் நாற்காலிகள் மழையில் வெளியே போயின, வண்டி உள்ளே போனது. அடுத்த நாள் பூசை. சங்கத்தின் மற்ற பத்துப் பேரும் முறை வைத்து ஏசியில் உட்கார்ந்து பார்த்தார்கள். அதற்கு மறுநாள் நல்ல நாள் இல்லை. அன்று மண் மேடு கணுக்காலுக்கு வந்தது.

பதின்மூன்றாம் தேதி காலையில் குழிக்குக் கிளம்பினார்கள். பாவாடை செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினான், கார்பெட் உத்தரவு அப்படி. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ராஜவேல். பின்சீட்டில் சுலோச்சனா. முதுகுப்புறம் தொட்டியில் மண்வெட்டியும் கோணியும். தார் ரோட்டில் வண்டி தொட்டில் மாதிரிப் போனது. "பாத்தியா?" என்றார் ராஜவேல் திரும்பாமலே. சுலோச்சனா பார்த்தது ஜன்னலுக்கு வெளியே தேங்கிய தண்ணீரை.

மண் பாதையில் நானூறு அடி போனார்கள். பிறகு பின்சக்கரம் இரண்டும் ஒரே இடத்தில் சுற்றின. பாவாடை மிதித்தான். சேறு பின்கண்ணாடி வரை எழுந்து விழுந்தது. வண்டி முன்னே போகவில்லை, கீழே போனது. பளபளப்பான படி சேற்றுக்குள் மறைந்தது.

"எறங்கித் தள்ளணும் மொதலாளி."

"எறங்கிட்டுத் திரும்ப ஏறணுமே, கார்பெட்டு?"

சுலோச்சனா கதவைத் திறந்து இறங்கினாள். முழங்கால் வரை போனது. அவளும் பாவாடையும் தள்ளினார்கள், கோணியைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள், கருவேல முள்ளை வெட்டிப் போட்டார்கள். ராஜவேல் உள்ளே இருந்தபடி ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசனை சொன்னார். ஏசி ஓடியது. பச்சை வெளிச்சத்தில் மணி 9:40-இல் இருந்து 10:55 ஆனது. அந்த வண்டியில் அன்றைக்கு முன்னேறிய ஒரே பொருள் அந்தக் கடிகாரம்தான்.

பின்னால் இருந்து உறுமல் கேட்டது. சாம்பல் நிற பிக்கப் ஒன்று சேற்றைப் பிளந்துகொண்டு வந்து நின்றது. பட்டன் டயர். கைக்குச் சுற்றும் ஜன்னல். உள்ளே அப்துல் லத்தீப்.

"இன்னா மொதலாளி, கட்டிலப் போட்டுட்டீங்களா?"

ராஜவேல் கண்ணாடியை இறக்கினார். "ஏது பாய் வண்டி?"

"பாண்டியில யார்டுல நின்னுச்சு. யாரோ விரிசல் இருக்குதுன்னு வேணாம்னுட்டாங்களாம். மழை புடிச்சதுலேருந்து பேட்டைக்கு மண்ணு அடிக்கிறேன். ஒங்க பக்கம் ராயல் வருதுன்னாங்க, அதான் கேக்கல."

லத்தீப் லீவரைப் போட்டார். இரண்டு வண்டிக்கும் நடுவே கட்டிய சங்கிலி இறுகியது. ராயல் வந்த வழியே, பின்பக்கமாக, தார் ரோட்டுக்கு இழுபட்டு வந்தது. அதில் உட்கார்ந்தபடியே ராஜவேலும் வந்து சேர்ந்தார்.

சுலோச்சனா சேற்றுக் காலோடு சாம்பல் வண்டியின் பக்கத்தில் நின்றாள். "பாய், நமக்கும் மண்ணு அடிக்க முடியுமா?"

"செவ்வாயும் வெள்ளியும்தான் தங்கச்சி காலி. மத்த நாளெல்லாம் சொல்லிட்டாங்க. இன்னிக்குப் பாதி எடம் இருக்குது, போட்டுக்கங்க."

"அந்தச் செவ்வாயும் வெள்ளியும் எனக்கு. வேற யாருக்கும் சொல்லிடாதீங்க." விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். வனைந்து, காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வர வேண்டும். எப்படிப் போட்டாலும் மீதி ஆயிரத்தில் எண்ணூறுதான் தேறியது. பத்து நாள் முன்னால் இந்த வண்டி கையில் இருந்திருந்தால் முழுசாக வந்திருக்கும். "எரநூறு கொறையுது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

ராஜவேல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். உதவ வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் உண்மையாகவே தெரிந்தது.

"எரநூறுதானே? நம்மகிட்ட ஸ்டாண்டர்டு கெடக்குதே. டீலக்ஸ் லேபிள ஒட்டி அனுப்பிச்சுடலாம்."

"ஒட்டுங்க. மொதல்ல ஒரு ஸ்டாண்டர்டு லேபிள இதுல ஒட்டுங்க" என்று சுலோச்சனா ராயலின் முன்கண்ணாடியைக் காட்டினாள். "அந்தம்மாவுக்கு எரநூறு கொறையுதுன்னு நானே ஃபோன் பண்ணிச் சொல்லிக்கறேன். பாவாடை, மண்வெட்டிய எடுத்து பாய் வண்டியில போடு."

"அப்ப நானு?"

"நீங்க பாட்டு கேளுங்க."

சாம்பல் வண்டி மூவரையும் ஏற்றிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிப் போனது. உறுமல் குறைந்து, கருவேலங்காட்டுக்குப் பின்னால் மறைந்தது. தூறல் மறுபடி பிடித்தது.

ராஜவேல் வண்டியை விட்டு இறங்கினார். பின்கதவில் 'துணைத்' என்பது தெரிந்தது, 'தலைவர்' மேல் சேறு. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முன்பக்கம் வந்தார். விரல் முட்டியால் பானெட்டை ஒருமுறை தட்டினார். குனிந்து, காதை வைத்து, இன்னொரு முறை தட்டிக் கேட்டார்.

மணி மாதிரி ஒலித்தது. முதல் ரகம்தான், சந்தேகமே இல்லை.