நீலக் கயிற்று முடிச்சு

"அம்மா, வண்டிய நிறுத்தினதும் அந்த நெருப்புப் பொறி எங்க போய்த் தூங்கும்?"

ரோனா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. பானெட்டுக்குள் எட்டிப் பார்ப்பதற்காக ஐல்சா அவளை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். "அது தூங்காதுடி. யாராவது வந்து கூப்பிடுற வரைக்கும் உள்ளேயே காத்துக்கிட்டு இருக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். ரோனா இப்போது பெர்த்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவள் கேட்ட கேள்வி மட்டும் இந்தக் கொட்டகையிலேயே தங்கிவிட்டது. அதே மோரிஸ் மைனரின் பானெட்டை எழுபத்திரண்டு வயதில் தூக்கி முட்டுக் கொடுக்கும்போதும் ஐல்சாவுக்கு அது காதில் விழுந்தது.

மறுநாள் ஞாயிறு, குன்றின் மேலிருக்கும் கல் கோயிலில் அறுவடை நன்றி வழிபாடு. அக்கா எஃபியை இந்த வண்டியில் அங்கே கூட்டிப் போக வேண்டும்.

எஃபி முதியோர் இல்லத்துக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஆட்களின் முகம் ஒவ்வொன்றாக அவளுக்கு மறந்துகொண்டே வருகிறது. போன மாதம் ஐல்சா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்டாள். ஆனால் அதற்கு முன்பு, வாசலில் மோரிஸின் சத்தம் கேட்டபோது, "அப்பா வண்டி! ஐல்சா வந்துட்டா" என்று ஜன்னல் பக்கம் திரும்பினாளாம். அங்கே வேலை செய்யும் பெண் சொன்னாள். அந்தச் சத்தமாவது நினைவில் இருக்கும்போதே, நாற்பது வருஷம் ஆர்கன் வாசித்த கோயிலுக்கு அக்காவை ஒருமுறை கொண்டுபோக வேண்டும் என்பதுதான் ஐல்சாவின் ஆசை. ஓட்டிப் பார்க்கலாம் என்று வியாழக்கிழமை போனவள், பாதி மேட்டில் வண்டி இருமி இருமி நின்றுபோக, பின்பக்கமாகவே உருட்டி இறக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இத மியூசியத்துக்குக் குடுத்துடுங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!" வேலியைத் தாண்டி வரும்போதே ஹோனே ஆரம்பித்துவிட்டான். பக்கத்துப் பண்ணைக்காரன், ஐல்சாவைவிட நாலைந்து வயது இளையவன். வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றால் உலகத்தில் எதையும் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன். அவன் வீட்டுக் கதவு, நாயின் கழுத்துப் பட்டை, மூக்குக் கண்ணாடியின் ஒரு காது எல்லாமே அந்தக் கயிற்றில்தான் நிற்கின்றன.

"உன்னையும் சேர்த்து எடுத்துக்கிட்டா குடுத்துடறேன்" என்றாள் ஐல்சா.

"என்னைய அங்க வெச்சா கூட்டம் தாங்காது அக்கா. சரி, ஸ்டார்ட்டர இழுங்க."

கழற்றிய ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் மேல் கிடத்தி வைத்தான். ஐல்சா ஸ்டார்ட்டரை இழுத்தாள். பளிச்சென்று நீலமாகத் துள்ள வேண்டிய பொறி, மெலிந்து மஞ்சளாக வந்து போனது.

"சோகை புடிச்ச பொறி" என்றான் ஹோனே. "பாயிண்ட்தான். எழுதி வெச்சுக்கோங்க."

விலகி விலகிப் பொறியைக் கிளப்பும் அந்தப் பாயிண்ட்டை மெல்லிய அரத்தால் தேய்த்தான். அட்டைத்துண்டை நுழைத்துத் துடைத்தான். கண்டென்சரையும் புதிதாக மாற்றினான். மறுபடியும் இழுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் மாறவில்லை.

"அப்போ காயிலா இருக்குமோ?" என்றாள் ஐல்சா.

"காயில்ல ஒண்ணும் இல்ல!" அவசரமாக வந்தது பதில். "அது புதுசு. அதாவது... பார்த்தா புதுசாத் தெரியுது. அதத் தொடாதீங்க."

ஐல்சா அவனைப் பார்த்தாள். அவன் திருப்புளியைத் துடைப்பதில் மும்முரமாகிவிட்டான்.

"அடுப்புல ஸ்கோன் ரொட்டி இருக்கு, கருகிடப் போகுது. போய் எடுத்து வெச்சிட்டு, டீயும் போட்டு எடுத்துட்டு வா."

"விருந்தாளிய வேல வாங்குற வீடு இது ஒண்ணுதான்" என்று முனகிக்கொண்டே போனான். ஸ்கோன் என்றதும் நடையில் ஒரு வேகம் வந்திருந்தது.

ஐல்சா குனிந்து, பொறிக்கு மின்சாரத்தைப் பெருக்கித் தரும் காயிலைப் பார்த்தாள். மேலே படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தாள். காயிலுக்குப் போகும் கம்பிகளைச் சேர்த்து ஒரு நீலக் கயிறு கட்டியிருந்தது. இரட்டைச் சுற்று, ஓரத்தில் சின்னக் காது விட்ட முடிச்சு.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், கணவன் டங்கன் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் கிடந்தபோது, ஒரு மாலை இந்த வண்டி அசையவே மறுத்தது. யாரையும் தொந்தரவு செய்ய மனமில்லாமல், ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுதுவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். காலையில் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. கணவனின் கையைப் பிடித்தபடி விடைகொடுக்க அதனால்தான் முடிந்தது. கர்த்தரின் கிருபை என்று அன்றிலிருந்து தினமும் நன்றி சொல்லி வருகிறாள்.

கிருபைதான். அது வேலி தாண்டி நடந்து வந்திருக்கிறது.

அப்பாவின் பெட்ரோல் பங்கில் வளர்ந்த பெண்கள் அவளும் எஃபியும். எஃபி ஸ்டார்ட்டரை இழுக்க, அப்பாவின் காதிலிருந்த தச்சுப் பென்சிலை உருவி ஐல்சா பொறியின் குறுக்கே பிடிப்பாள். பெட்ரோல் வாசமும் அக்காவின் சிரிப்பும் கலந்த சனிக்கிழமைகள். பென்சில் முனையைத் தாண்டும்போது பொறி ஒரு பக்கம் ஆரஞ்சாகப் பூக்கும். பிளக்கின் பக்கம் பூத்தால் மின்சாரம் சரியான வழியில் போகிறது. கம்பியின் பக்கம் பூத்தால் தலைகீழ்.

காயிலின் தடித்த கம்பியைத் துணிக் கிளிப்பால் பிளக்குக்கு அருகில் நிறுத்தினாள். ஒரு கையில் பென்சில், மறு கையில் பாயிண்ட்டை விலக்க ஒரு மரக்குச்சி. பொறி தாண்டியது. பூ கம்பியின் பக்கம் பூத்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். இந்தப் பழைய மோரிஸில் பிளஸ். அன்று ராத்திரி புதுக் காயில் மாட்டிய ஹோனே, அதன் கம்பிகளைத் தன் பண்ணை வண்டிக்குப் பூட்டுவதுபோலவே இதற்கும் பூட்டியிருக்கிறான். சமதரையில் எப்படியோ சமாளித்த பொறிக்கு, பிளக் தேய்ந்த பிறகு மேடேறத் தெம்பில்லாமல் போயிற்று.

சொன்னால் அந்த மனுஷன் என்ன ஆவான்? "ரெண்டு வருஷமா நானா உங்க வண்டிய முடக்கி வெச்சிருந்தேன்?" என்று குமைவான். இனி யாருடைய பானெட்டையும் தொடமாட்டான்.

முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு சின்னக் கம்பிகளையும் இடம் மாற்றி முடுக்கினாள். சமையலறைக் கதவு அடிக்கும் சத்தம் கேட்டது. மறுபடி கட்ட நேரமில்லை. கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு, காயிலை மறைத்தாற்போல நின்றாள்.

"பாயிண்ட்ட இன்னொரு தரம் துடைச்சேன். இப்பப் பாரு."

வாயில் ஸ்கோனோடு ஹோனே ஸ்டார்ட்டரை இழுத்தான். பொறி நீலமாகத் துள்ளியது.

"பாயிண்ட்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"எங்கிட்ட இருக்கிறது கை இல்ல அக்கா, வரம்!"

"நல்ல கைதான்" என்றாள் ஐல்சா. மனதாரச் சொன்னாள்.

ஞாயிறு காலை மஞ்சளாகிவிட்ட பாப்லர் மரங்களுக்கிடையே மோரிஸ் ஒரு இருமல்கூட இல்லாமல் மேடேறியது. எஃபி ஜன்னலைத் திறந்துவிட்டு, காற்றில் முடி பறக்க உட்கார்ந்திருந்தாள். பாதி மேட்டில், ஐல்சாவின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். "ரெண்டாவது கியர் போடுடி, ஐல்சா. அப்பா பார்த்தா திட்டுவார்."

கண்ணீர் பாதையை மறைத்தது. ஐல்சா ரெண்டாவது கியர் போட்டாள்.

எஃபியைப் பூசணிகளும் கோதுமைக் கதிர்களும் அடுக்கிய பீடத்துக்கு அருகில் உட்கார வைத்தாள். முன்வரிசையில் ஹோனே, கயிறு கட்டிய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பாயிண்ட் கதையை அளந்துகொண்டிருந்தான். முதல் பாட்டு தொடங்கியது. ஐல்சா மெல்ல வெளியே வந்தாள்.

கோயிலின் பின்புறம் யாருமில்லை. பானெட்டைத் தூக்கினாள். பையிலிருந்து நீலக் கயிற்றை எடுத்து, கம்பிகளைச் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, ஓரத்தில் சின்னக் காது விட்டு, அவன் போட்டிருந்த முடிச்சையே போட்டாள். கொஞ்சம் தூசியையும் அள்ளி அதன்மேல் தடவினாள்.

பானெட்டைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு, பாட்டு முடிவதற்குள் உள்ளே போனாள்.