ரெக்கார்டில் இருந்த கட்டை

இதெல்லாம் நடந்தது எண்பத்து மூன்றிலா, அதற்கு அடுத்த வருடமா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. பனமரத்துப்பட்டி ஏரி வெடித்துக் கிடந்தது நினைவிருக்கிறது. ஆனால் அது பல வருடம் வெடித்துக் கிடந்த ஏரி. சிலவற்றை நானே பார்த்தேன், சிலவற்றை ஆர்மோனியம் வாசித்த வெங்கடாசலம் சொல்லிக் கேட்டேன். எது பார்த்தது, எது கேட்டது என்று பிரிக்க இனி முடியாது. தங்கசாமியின் குரல் மட்டும் பிசகாமல் காதில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்தால், அது எந்த வருடத்துக் குரல் என்று சொல்லத் தெரியவில்லை.

வெங்கடாசலம் செவ்வாய்ப்பேட்டையில் பாட்டுக் குழு தொடங்கியபோது தங்கசாமிதான் முதல் பாடகர். ராசிபுரத்துக்கு மேற்கே கடலைக்காடும் கிணறும் உள்ள குடும்பம். தை பிறந்தால் ஆடி முடியும்வரை அவர் காட்டுப்பக்கம் போகமாட்டார். மாரியம்மன் நோம்பி, தேர், கல்யாணம் என்று வேன் ஓடிக்கொண்டே இருக்கும். நாமக்கல்லில் பாடி முடித்து, புழுதி அடிக்கும் ஜன்னலோரம் தூங்கி, மறுநாள் ஓமலூரில் பாடுவார். மேடையில் தன் குரல் தனக்குக் கேட்காது. குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் கூட்டத்தைப் பார்த்து இருக்கும். அதனால் எப்போதும் தேவைக்கு மேலேயே கத்திப் பாடுவார்.

அந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நிகழ்ச்சிக்கு முன்னால் ரேடியோ செட்காரர் சினிமா ரெக்கார்டுகளைப் போட்டுக்கொண்டிருப்பார். கடைசியாக ஒரு டூயட் ஓடும். அது முடிந்த சூட்டிலேயே தங்கசாமியும் வசந்தாமணியும் அதே பாட்டை, ரெக்கார்டில் இருக்கிற அதே நாலு கட்டை சுருதியில் எடுப்பார்கள். ஊசி இன்னும் தட்டில்தான் இருக்கிறது என்று நினைத்துக் கூட்டம் ஒரு கணம் ஏமாறும். பிறகு விசில் பறக்கும். “ரெக்கார்டு கட்டையிலேயே பாடற செட்டு” என்று அந்தப் பக்கத்தில் பேர். அந்தப் பேருக்காகத்தான் கூப்பிட்டார்கள்.

சில வருடங்களில் தங்கசாமியின் தொண்டை கம்மத் தொடங்கியது. சேலத்தில் ஒரு டாக்டர் கண்ணாடி விட்டுப் பார்த்து, குரல் நரம்பில் காய்ப்புக் காய்த்திருக்கிறது, மூன்று மாதம் பேசாமல் இருங்கள் என்றார். பங்குனி மாதத்தில் அதைச் சொன்னார். தங்கசாமி சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொண்டு அன்று சாயங்காலமே திருச்செங்கோட்டுக்கு வேன் ஏறினார். ஒரு வருடம் கஷ்டப்பட்டார். அப்புறம் மேச்சேரிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் லேகியம் வாங்கிச் சாப்பிட்டதில், எட்டாமல் போன இடமெல்லாம் மறுபடியும் எட்டியது. அவர் அப்படித்தான் நம்பினார். பார்த்தவர்களிடமெல்லாம் லேகியத்தின் பெருமையைச் சொன்னார்.

அவர் குரல் தேறிய அதே காலத்தில் வசந்தாமணியின் குரல் கீழே இறங்கியது. தாழ்ந்த இடங்களில் காற்றாகப் போயிற்று. டூயட்டில் அவள் வரி வரும்போது முன்வரிசையில் பேச்சு எழும்பியது. ஈரோட்டுக் குழுக்காரர் ஒருவர் அவளை அழைத்துப்போகலாம் என்று கேட்க வந்து, பாதி நிகழ்ச்சியில் எழுந்து போய்விட்டார்.

ஒருநாள் ஒத்திகையில் தங்கசாமி அவளிடம் லேகிய டப்பாவை நீட்டினார்.

“ஏனம்மிணி, கெணத்துக்குள்ள உளுந்து கெடந்து பாடறாப்பல இருக்குது. இதெச் சாப்புடு. எனக்கே கேட்ருக்குது, உனக்குக் கேக்காதா?”

“கெணத்துல தண்ணியும் இல்லீங்ணா, உளுந்தாலும் பொழைச்சுக்குவேன்” என்றாள் வசந்தாமணி. ஒரு விரல் வழித்து வாயில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். “அய்யோ, கசக்குது.”

“கசந்தாத்தான் மருந்து.”

அவள் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு போன பிறகு, தங்கசாமி வெங்கடாசலத்திடம் சொன்னார்: “மாப்ள, அந்தப் புள்ளைக்குக் கொரல் போச்சு. சொல்றதுக்குச் சங்கடமாத்தான் இருக்குது. ராசிபுரத்துக் கல்யாணத்தோட நிறுத்திப்போட்டு வேற ஆளப் பாரு.”

வெங்கடாசலம் ஆர்மோனியத்தின் துருத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“உம்பட இஷ்டம்” என்றார்.

தங்கசாமிக்கு மனசு கொஞ்சம் உறுத்தியது. வசந்தாமணியைக் குழுவுக்கு அழைத்து வந்ததே அவர்தான். கட்டினவன் இறந்து போய், மேடையேறக் கூடாது என்று மாமியார் வீட்டில் மறித்தபோது, தன் மனைவி பாப்பாயியையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் நின்று, “எம்பட தங்கச்சியாட்டம் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வாரேன்” என்று சொன்னவர். இருந்தாலும் பாட்டு என்று வந்தால் பாட்டுத்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் பாப்பாயியின் தம்பி வந்தான். பழைய சாமான்களை ஒதுக்கும்போது அகப்பட்டது என்று ஒரு கேசட்டைக் கொடுத்தான். எழுபத்து நாலில் திருச்செங்கோட்டு நிகழ்ச்சியில் பதிந்தது. தங்கசாமி வீட்டு டேப்பில் போட்டுக் கேட்டார். டூயட் வந்ததும் கூடவே பாடப் பார்த்தார். முதல் வரியிலேயே குரல் முட்டிக்கொண்டு நின்றது. கேசட்டில் இருந்த தங்கசாமி எங்கோ மேலே போய்க்கொண்டிருந்தார்.

“டேப்பு ஓட்டமா ஓடுது” என்றார் பாப்பாயியிடம். “மோட்டார்ல கோளாறு.”

“காத்தால நியூஸ் கேட்டீங்களே, அது நல்லாத்தான இருந்துச்சு?”

“அது ரேடியோடி. டேப்புக்கு வேற மோட்டாரு.”



செவ்வாய்ப்பேட்டையில் மாதையன் என்பவர் ரேடியோ, டேப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். தங்கசாமி அங்கே கொண்டுபோனார். மாதையன் பெல்ட்டை மாற்றி, உருளையை ஸ்பிரிட்டால் துடைத்து, கேசட்டைப் போட்டார். பாட்டு அதே உயரத்தில்தான் வந்தது.

“இன்னும் வேகமாத்தானுங்க ஓடுது” என்றார் தங்கசாமி.

மாதையன் கேசட்டைப் பின்னால் ஓட்டினார். பாட்டுக்கு முன்னால் வெங்கடாசலம் மைக்கில் பேசியது வந்தது. “தாய்மார்கள் குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.” அதே கனமான, இழுத்துப் பேசும் வெங்கடாசலம்.

“இது உங்க செட்டு வெங்கடாசலமுங்களா?”

“ஆமாங்க.”

“நேத்துக்கூட இந்தப் பக்கம் வந்தாரு. இப்படித்தான பேசினாரு? பொட்டி வேகமா ஓடுச்சுன்னா பேச்சும் எலிக்குஞ்சு கத்தறாப்பல வருமுங்க. பேச்சு சரியா வருது. அப்ப பாட்டும் சரிதானுங்க.”

தங்கசாமி முக்காலியில் உட்கார்ந்தார். தெருவில் மூட்டை ஏற்றின கைவண்டி ஒன்று வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது. கேசட்டில் வசந்தாமணியின் வரி வந்தது. அவர் அதுவரை அதைக் கவனிக்கவில்லை. தன் குரலைத் தேடியே கேட்டிருந்தார். நாலு கட்டையில் அவள் குரல் வெள்ளைத் துணியை வெயிலில் உதறியது போலப் பளிச்சென்று விரிந்து இறங்கியது. அது முடிந்ததும் திருச்செங்கோட்டுக் கூட்டம் கைதட்டியது.

“இன்னொருக்கா போடுங்க” என்றார். மாதையன் போட்டார். மூன்றாவது தடவை அவரே கையை நீட்டி நிறுத்தினார்.

கடையை விட்டு இறங்கி வெங்கடாசலத்தின் வீட்டுக்குப் போக அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. வழியெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ரெக்கார்டு முடிந்த சூட்டில் பாடுகிற பழக்கத்தை வெங்கடாசலம் நிறுத்தியது. ஜெனரேட்டர் ஓட்டத்தில் ரெக்கார்டின் சுருதி ஒசக்கப் போகிறது, அதோடு சேராது என்று காரணம் சொன்னது. தபலா வாசிக்கும் அம்மாசி மேடைக்குப் பின்னால் போய் வெகுநேரம் தட்டிச் சுருதி சேர்த்தது. தங்கசாமி எந்த வாத்தியத்தையும் தொட்டவரில்லை. ஆர்மோனியம் எடுத்துக் கொடுத்த இடத்தில் நிற்பார். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை.

வெங்கடாசலம் மறைக்கவில்லை.

“நாலு கட்டை மூணாச்சு. மூணு ரெண்டரையாச்சு. இப்ப ரெண்டு” என்றார். “என்ன பண்றது மாப்ள? உம்பட பேரச் சொல்லித்தான் ஊருல கூப்புடறாங்க. ஒனக்குச் சொன்னா மறுநாளு மேடையேற மாட்டே.”

“லேகியம்?”

வெங்கடாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

“வசந்தாவுக்குத் தெரியுமா?”

“மொத நாளே தெரிஞ்சுபோச்சு. பாடறவளுக்குத் தெரியாதா? ரெண்டு கட்டையில பொம்பளக் கொரலு எங்க போயி நிக்கும்? ‘அண்ணங்கிட்டச் சொல்லிப் போடாதீங்க’ன்னு அவதான் எங்கிட்டச் சொன்னா.”

 வெங்கடாசலத்தின் வீட்டில் காபி கொண்டுவந்து வைத்தார்கள். ஆறி ஆடை படிந்தது. தங்கசாமி எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்து திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். பாப்பாயி சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். என்ன என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவர் பெட்டியைத் திறந்து மேடைச் சட்டையை எடுத்தபோது, “போறீங்களா?” என்று மட்டும் கேட்டாள். “போகோணும்” என்றார்.

ராசிபுரத்தில் நெய் வியாபாரி வீட்டுக் கல்யாண வரவேற்பு. வெயில் தாழ்வதற்கு முன்பே பந்தல் நிறைந்துவிட்டது. வசந்தாமணி சமையல் கொட்டகையின் ஓரம் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். இதுதான் அவளுக்குக் கடைசி நிகழ்ச்சி என்று வெங்கடாசலம் அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். யார் சொல்லி அப்படி ஆயிற்று என்பதும் அவளுக்குத் தெரியும்.

தங்கசாமி போய் அவள் எதிரில் நின்றார்.

“லேகியத்தத் தின்னியா, கொட்டிப்போட்டியா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“பாதி தின்னேனுங்ணா. மீதிய எருமைக்கு வெச்சேன். அது நல்லாக் கத்துது.”

தங்கசாமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் இருமினார். இருமல் நிற்கக் காத்திருந்து கேட்டார்:

“ஏன் சொல்லுல?”

“சொன்னாப் பாடறத நிறுத்திப் போடுவீங்க.”

“ஒன்னைய நிறுத்தச் சொன்னனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?”

அவள் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். “எங்க மாமியா ஊட்டு வாசல்ல நின்னீங்கல்ல” என்றாள்.  கொட்டகையில் யாரோ பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி தங்கசாமி கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு ரேடியோ செட்காரரிடம் போய், கடைசி ரெக்கார்டாக அந்த டூயட்டைப் போடச் சொன்னார்.

மேடையில் வெங்கடாசலம் அந்தப் பாட்டு ஓடுவதைக் கேட்டுத் திடுக்கிட்டார். ரெக்கார்டு முடிந்தது. அவர் விரல் இரண்டு கட்டையை நோக்கிப் போனது. தங்கசாமி குனிந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “நாலு” என்றார்.

“மாப்ள, வேண்டாம்.”

“நாலுல வையி.”

வெங்கடாசலம் வைத்தார். அம்மாசிக்குத் தபலாவின் சுருதியை ஏற்ற நேரமில்லை. அவன் ஒற்றைக் கையால் இடது தபலாவை மட்டும் தட்டினான்.

தங்கசாமி முதல் வரியைக் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். அது எப்படியோ வந்தது. இரண்டாவது வரி மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. காய்ந்த மட்டை கிழிகிற மாதிரி ஒரு சத்தம் ஸ்பீக்கரில் பரவியது. பந்தலில் யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள். அவர் மறுபடி முயலவில்லை. வாயை மூடிக்கொண்டு, மைக்கை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்து, வசந்தாமணியைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

ஆர்மோனியம் மட்டும் அவர் வரியை வாசித்து முடித்தது. அவள் வரி வந்தது. முதல் சுரத்தில் தயங்கினாள். வெகுநாள் போகாத வீட்டில் விளக்குச் சுவிட்சைத் தேடுகிறவள் மாதிரி இருந்தது. அப்புறம் கிடைத்துவிட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு எட்டிப் பார்த்தார்கள். அடுத்து ஆண் பாடவேண்டிய வரி வந்தபோது அவள் தங்கசாமியைப் பார்த்தாள். அவர் அசையவில்லை. அதையும் அவளே பாடினாள். கடைசிவரை இரண்டு பேருடையதையும் அவளே பாடினாள். தங்கசாமி கைகளைக் கட்டிக்கொண்டு, மேடையை விட்டு இறங்காமல், பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றார்.

தங்கசாமி அதன் பிறகு பாடவில்லை. டாக்டர் சொன்ன மூன்று மாதத்தை அந்த மழைக்காலத்தில் பேசாமல் கழித்தார். பேச்சு ஓரளவு திரும்பி வந்தது, பாட்டு வரவில்லை. கடலைக்காட்டையும் இரண்டு எருமைகளையும் பார்த்துக்கொண்டார். பாப்பாயி அவருக்கு முன்னால் இறந்துபோனாள். வசந்தாமணி வெங்கடாசலத்தின் குழுவிலேயே இன்னும் சில வருடம் பாடி, பிறகு ஈரோட்டுக்குப் போனாள். அங்கே அவள் தொண்டையும் தேய்ந்தது. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்திவிட்டு, மகள் வீட்டோடு நாமக்கல்லில் இருக்கிறாள். வெங்கடாசலம் குழுவை அம்மாசியிடம் விட்டுவிட்டு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். மாதையன் டிவி பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். கேசட் அவர் கடையிலேயே தங்கிவிட்டது. தங்கசாமி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகவில்லை.