தம்பியை மெதுவாக்கியவர்கள்

...எவன் இவன், இந்தத் தடித்த குரல்காரன், தம்பியின் தொண்டையில் இப்படியொரு குரல் எந்தக் காலத்தில் இருந்தது, என்று கிழவர் கையிலிருந்த திருப்புளியை விட்டெறிந்தார், அது உருண்டுபோய்ப் பட்டறை மேசையில் பிரித்துப் போட்டிருந்த பம்பு மோட்டாருக்கு அடியில் புகுந்துகொண்டது, கிடக்கட்டும்... சிடி தன்பாட்டுக்கு ஓடியது. இவர் டிரம்ஸ், தம்பி பாட்டு, நெட்டையன் கிட்டார் என்று தொண்டை கிழியக் கத்திய பங்க் ராக் கூட்டம், பையன்களாக இருந்தபோது ஒவ்வொரு பாட்டாக வெளியிட்ட சிங்கிள்களை எல்லாம் இப்போது ஒரே ஆல்பமாகப் போடப்போகிறானாம் நெட்டையன், பாதிக்கு மேல் ஊரான் பாட்டு, இவர்கள் கவர் பாடியது. "கேட்டுட்டு சரின்னு ஒரு வார்த்தை சொல்லுடா, தம்பிக்கு நீதானே ஆளு, நீ சொன்னாத்தான் அச்சுக்குப் போகும்" என்று நேற்றுத்தான் சிடியைக் கொடுத்துவிட்டுப் போனான், கேட்டாயிற்று, டிரம்ஸ் தூங்கி வழிகிறது, நானா இப்படி அடித்தேன், போனைப் போட்டார்.

என்னடா பண்ணி வச்சிருக்கீங்க? ஏன்டா காலங்காத்தால கத்துற, என்றான் நெட்டையன், "சவுண்டு இன்ஜினியர் ஒரிஜினல் பாட்டோட வச்சுப் பாத்தாரு, நம்ம டேப்பு வேகமா ஓடுதுன்னு எல்லாத்தையும் இழுத்து மெதுவாக்கி சரி பண்ணிட்டாரு." சரி பண்ணினாராம், அந்த ஆள் யார் சரி பண்ண? கோளாறு எங்கள் டேப்பிலா இருந்தது, பழைய சாமான் கடையில் தம்பி வாங்கி வந்த அந்த டேப் ரிக்கார்டரில் அல்லவா இருந்தது, எதைப் போட்டாலும் நாய் துரத்துகிற மாதிரி ஓடும், அது தெரியாமல் அந்த வேகத்திலேயே ஊரான் பாட்டையெல்லாம் கேட்டுப் பழகி, அந்த வேகத்திலேயே கைவலிக்க வாசித்து, கேட்டவர்கள் அடேயப்பா என்ன கோபம் என்றார்கள், கோபமும் இருந்தது, இல்லையென்று யார் சொன்னது... "நீயும்தானேடா அந்தப் பொட்டி முன்னாடி உக்காந்த, வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?" அதெல்லாம் யாருக்குடா ஞாபகம், என்றான், "நமக்கும் வயசாச்சு, மெதுவா இருந்தா நல்லாத்தான் இருக்கு."

"உனக்கு வயசாச்சுன்னா அவனை எதுக்குடா கெழவனாக்குற!" என்று கத்திய பிறகுதான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. மீசை சரியாக முளைக்காத வயதில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை, அவனுக்கேது கிழட்டுக் குரல், கீச்சுக்குரல்தான், அடுப்பில் வைத்த தண்ணீர்ப் பாத்திரம் மாதிரி... அணைத்துத் தொலைப்போம் என்று கை நீட்டினார். பாட்டின் நடுவில் தம்பி மூச்சு வாங்கினான், கனமாக, நெஞ்சில் சளி கட்டியவன் வாங்குகிற மாதிரி, காலையில் எழுந்து உட்கார்ந்ததும் இவர் வாங்குவாரே, அதே மாதிரி. இருந்திருந்தால் இந்தக் குரலில்தான் எதிரே உட்கார்ந்து சண்டை போடுவானோ, காபியில் சர்க்கரை போடாதே என்பானோ, பொய்க்குரல், எவனோ ஒருவன் மிஷினில் இழுத்த குரல், அயோக்கியப் பயல்கள், என் தம்பி இல்லை இது... நீட்டிய கை பொத்தான் மேலேயே நின்றது. பழைய குரலை நினைத்துப் பார்த்தார், கீச்சென்று ஏதோ வந்தது, அது தம்பியா, எல்லாக் குரலையும் கீச்சாக்கிய அந்த டேப் ரிக்கார்டரா என்று பிடிபடவில்லை.

"டேய், லைன்ல இருக்கியா? சரியா, வேணாமா, ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலை."

"கொஞ்ச நேரம் வாயை மூடுடா," என்றார் கிழவர், கோபமாகத்தான், "அவன் பாடிட்டிருக்கான்."