முன்னூறு இடத்தில் ஒரே விலாசம்

1.

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள்:

ராத்திரி ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாத ஒருவன்.

அவனுடைய மேற்பார்வையாளர். வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘டார்கெட்’. காதுபடவே கூப்பிடுவார்கள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்.

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெண். கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் அச்செடுத்த தாள்கள்.

காலி நாற்காலிகள் பதினொன்று. [இவற்றையும் ‘இருந்தவர்கள்’ பட்டியலில் சேர்க்கலாமா? அங்கே நடந்த வேலையின் லட்சணத்தைப் பார்த்தால் தாராளமாகச் சேர்க்கலாம்.]

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. இணையத்தில் கடைகளின் பெயர், விலாசம், தொலைபேசி எண்ணைத் தொகுத்து வைத்திருக்கும் பட்டியல் தளங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒரு கடையைச் சேர்த்தால், பக்கத்துத் தெருக்காரர் தேடும்போது அந்தக் கடை மேலே வருமா? கதைக்கு லாயக்கான கேள்வி இல்லை, தெரியும். காதல், சாவு, பாகப்பிரிவினை என்று எதையாவது எடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த விஷயம் உலகத்தில் இது ஒன்றுதான். அதற்கு நான் என்ன செய்ய?

முதல் வரைவில் ‘நான்’ என்றுதான் எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம் அந்த நான் நல்லவனாகிக்கொண்டே போனான். மூன்றாம் பக்கத்தில் அழக்கூட ஆரம்பித்தான். கிழித்துப் போட்டுவிட்டு ‘அவன்’ என்று மாற்றினேன். அவனை உள்ளபடி எழுதுவது சுலபமாக இருக்கிறது.

2.

கைவிட்ட தொடக்கங்கள்:

‘நகரம் உறங்கிக்கொண்டிருந்தது. திரைகளின் நீல ஒளியில் பதினொரு முகங்கள்’ — வேண்டாம். நகரம் உறங்கினால் என்ன, உருண்டால் என்ன.

‘அவள் கண்களில் சொல்லொணாத ஒரு’ — அவள் கண்ணில் இருந்தது எரிச்சல். அதைச் சொல்ல முடியும், அவளே சொன்னாள்.

‘எண்ணற்ற சிறு வணிகர்களின் வாழ்வில் டிஜிட்டல் யுகம்’ — இதை எழுதியபோது தூக்கம் வந்திருக்க வேண்டும்.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணும் அவள் தம்பியும் சேர்ந்து நாற்சந்தி முனையில் ஒரு கடை வைத்திருந்தார்கள். ஒத்துப்போகவில்லை. முனைக்கடை தம்பிக்கு, கடையின் பெயரும் அவளுடைய எண்ணும் அவளுக்கு என்று பிரிந்தது. அவள் நாலு தெரு தள்ளி ஒரு சந்துக்குள் தனிக்கடை போட்டாள். சந்துக்குள் கடை போட்டவள் கண்ணில் பட வேண்டுமே. அதற்காகத்தான் ‘முன்னூறு தளங்களில் உங்கள் கடை’ என்று விளம்பரம் செய்த அந்த நிறுவனத்துக்கு வந்தாள். விண்ணப்பத்தில் புது விலாசத்தை எழுதி, ‘பழைய விலாசம் போடக் கூடாது’ என்று கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

3.

வேலை நடந்த விதம் இது. வாசகர் அவசரப்படாமல் படிக்க வேண்டும், தப்பு இங்கேதான் இருக்கிறது.

முன்னூறு தளங்களில் பாதிக்கு மேல், விவரம் சேர்க்க வருகிறவர்களைத் தவிர ஈ காக்கை எட்டிப் பார்க்காத இடங்கள். அவற்றில் ஒரு கடையைச் சேர்ப்பது, பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குள் நோட்டீஸ் போடுகிற மாதிரி. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டார்கெட் எங்கோ ஒரு கூட்டத்தில் ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்: எல்லாப் பட்டியலிலும் பெயரும் விலாசமும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் தேடுபொறி ஒரு கடையை நம்பும்.

சரியான விஷயம்தான். டார்கெட்டின் காதில் நுழைந்ததும் அது வேறாகிவிட்டது. விண்ணப்பத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் விண்ணப்பத்தைத் தொடாதே. கடையின் பெயரைத் தேடு, ஏற்கெனவே இருக்கும் பதிவில் முதலாவதை எடு, அதையே முன்னூறு தடவை ஒட்டு. விண்ணப்பத்தில் ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு உறைக்குள் திருப்பி வை.

(சரிபார்ப்பது என்றால் எதை எதோடு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை.)

அவன் தேடினான். முதலில் வந்தது முனைக்கடை காலத்துப் பதிவு. இரண்டு ஷிஃப்டில் முன்னூறு இடத்தில் ஒட்டினான். டார்கெட் தட்டிக்கொடுத்தார். “ஒரு எழுத்துப் பிசகல பாரு, இதுதான் வேலை.”

4.

இப்போது கேள்விக்குப் பதில். கட்டுரை பிடிக்காதவர்கள் ஐந்துக்குப் போகலாம், ஆனால் அங்கே ஒன்றும் குளுகுளு என்று இருக்காது.

பட்டியல்கள் உதவுமா? கொஞ்சம். இணைய வரைபடத்தில் கடையின் சொந்தப் பக்கம் சரியாக இருந்தால், மனிதர்கள் நிஜமாகவே எட்டிப் பார்க்கும் நாலைந்து பெரிய பட்டியல்களும் அதையே சொன்னால், தேடுபொறிக்குச் சந்தேகம் குறையும். அவ்வளவுதான். கூட்டிக் கழித்துப் பார்த்தால், மிச்சம் இருநூற்றுச் சொச்சமும் உப்புக்குச் சப்பாணி. நல்லது செய்யத் துப்பில்லை. கெடுதல் செய்யும்போது மட்டும் வரிசையில் வந்து நிற்கும்.

அவள் விஷயத்தில் அதுதான் நடந்தது. அவள் கடையின் பெயரைத் தேடியவர்களை வரைபடம் முனைக்கடைக்கு அனுப்பியது. அங்கே தம்பி நின்றான். “அக்கா கடையை மூடிட்டாங்க. குடுங்க, நானே பாத்துத் தரேன்.” வந்தவர்களில் இரண்டு மூன்று பேர் பரோபகாரிகள். ஊருக்கு நல்லது செய்வதாக நினைத்து, வரைபடத்தில் ‘இந்தக் கடை மூடப்பட்டது’ என்று அழுத்தினார்கள்.*

இப்போது அவள் கடைப் பெயருக்குக் கீழே சிவப்பில் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’.

* பரோபகாரிகளைப் பற்றித் தனிக் கதை எழுத வேண்டும். எழுத மாட்டேன்.

5.

அறைக்குத் திரும்புவோம்.

“இதுல போட்டிருக்கிற கடை என்னுது இல்ல. என் தம்பியோடது,” என்றாள் அவள், தாள்களை மேசையில் பரப்பி.

“மேடம், முன்னூறுலயும் ஒரே மாதிரி இருக்கு பாருங்க. அதுதான் முக்கியம்,” என்றார் டார்கெட்.

“ஒரே மாதிரி தப்பா இருக்கு.”

“தப்பு வேற மேடம், மாறுபாடு வேற. மாறுபாடு இருந்தாத்தான் ஆபத்து.”

“துணி ஈரமா வருதுன்னு ஒருத்தர் மெஷினைக் கொண்டு வராரு. எல்லாத் துணியும் ஒரே மாதிரிதாங்க ஈரமா வருது, எடுத்துட்டுப் போங்கன்னு நான் சொல்லலாமா?”

டார்கெட் சிரித்தார். சிரித்துவிட்டு, ஐந்நூறு தளத் திட்டம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது, அதில் சேர்ந்தால் பழையதெல்லாம் தானாக அமுங்கிவிடும் என்றார்.

[டார்கெட்டை நான் முழுசாக நம்பவில்லை. இப்படி ஒருவர் இருப்பாரா? இருந்தார். வீட்டில் நல்ல தகப்பன் என்றும் கேள்வி. அதைச் சேர்த்தால் பாத்திரம் சமநிலை பெறும் என்பார்கள். பெற வேண்டாம்.]

“எனக்கு ஐந்நூறு வேணாம்,” என்றாள். “லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணுல பதினாறு மெஷின் இருக்கு. வருஷம் பூரா பாத்துக்கிற ஒப்பந்தம். திங்கக்கிழமை வார்டன் முடிவு சொல்றாங்க. நேத்து ஃபோன்ல என் கடையைத் தேடிப் பாத்துட்டு, மூடிட்டதா வருதே, நீங்க யாருன்னு கேக்கறாங்க. உசிரோட இருக்கிறவ எங்கே போய் உசிரோட இருக்கேன்னு எழுதி வாங்கறது?”

“தம்பிகிட்ட பேசிப் பாருங்களேன், மேடம்.”

“பேசிட்டான். வந்துடு அக்கா, மாசச் சம்பளம் போட்டுத் தரேங்கறான். நான் ஆரம்பிச்ச கடையில எனக்குச் சம்பளம்.”

கதையில் பணயம் எது என்று கேட்கும் வாசகருக்கு: இதுதான். ஒப்பந்தம் போனால் அவளால் சந்துக்கடையை வைத்திருக்க முடியாது. முனைக்குப் போய்த் தம்பியிடம் கைகட்டி நிற்க வேண்டும்.

அவன் எழுந்து போய் அலமாரியிலிருந்து அவளுடைய விண்ணப்பம் இருந்த உறையை எடுத்து வந்தான். மனசாட்சி உறுத்தியது என்று ஒரு வரைவில் இருக்கிறது. உறுத்தவில்லை. விண்ணப்பத்தில் பழைய விலாசம்தான் இருந்திருக்கும், தப்பு அவளுடையதாக இருக்கும் என்ற நப்பாசை.

இரண்டு கோடு இழுத்த வரியைப் படித்தான். அவளும் எட்டிப் பார்த்தாள். கீழே விரலை வைத்தாள்.

“இது யார் கையெழுத்து?”

“என்னுது.”

“படிச்சியா?”

“இல்ல.”

“கையெழுத்து மட்டும் போட்ட.”

“ஆமா.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

“முன்னூறையும் விடுங்க அக்கா,” என்றான். “அதெல்லாம் குப்பை. மேப் ஒண்ணைச் சரி பண்ணணும். கடை உங்களுதுதான்னு வீடியோ எடுத்து அனுப்பணும்.”

“நீ வீட்டுக்குப் போ,” என்றார் டார்கெட்.

போனான். ‘அன்றே வேலையை உதறினான்’ என்று எழுதி அடித்துவிட்டேன். மறுநாள் ஷிஃப்டுக்கு எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் எழுந்திருக்கவில்லை. சில பேர் ராஜினாமா செய்வது இப்படித்தான்.

6.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளே அவனை அழைத்தாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. “வீடியோவுல என் கை ரெண்டும் தெரியணுமாம். ஃபோனைப் பிடிக்க ஆள் வேணும். கெடுத்தவன் நீதானே, வா.”

வரைபடக்காரர்கள் கேட்பது இது: வெட்டாமல் ஒரே மூச்சில் ஒரு வீடியோ. தெருப்பெயர், கடைப் பலகை, உள்ளே தொழில் நடக்கும் அடையாளம், கடை தன்னுடையது என்பதற்கு ஒரு சான்று. சாவி போட்டுக் கதவைத் திறந்து காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள்.

முதல் தடவை, பலகையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது குறுக்கே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. தம்பி.

“என்னக்கா, படம் புடிக்கிறீங்களா? ஹீரோ யாரு, இவரா?”

“தள்ளி நில்லு. திரும்ப முதல்லேர்ந்து எடுக்கணும்.”

“மூடின கடைக்கு எதுக்கு வீடியோ?”

“மூடினேன்னு யாருடா சொன்னது?”

“மேப் சொல்லுது.”

“மேப்புக்கு யாரு சொன்னது?”

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான். அவனைக் கெட்டவனாக எழுத வசதியாக இருந்தது, ஆனால் அப்போது அவன் முகம் அக்காவுடைய முகத்தின் அச்சாக இருந்தது. “பொய்யா சொன்னேன்? ஆறே மாசம், நீயே மூடிடுவேன்னு நெனச்சேன். வந்துடுக்கா. ஒரே வேலைக்கு எதுக்கு ரெண்டு கடை?”

“அதை நீ பிரிக்கும்போது கேட்டிருக்கணும். வண்டியை எடு, வெளிச்சம் போகுது.”

எடுத்தான். தெருமுனை வரை போய், அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது தடவை படம் கலங்கி வந்தது. மூன்றாவதில் எல்லாம் சரியாக வந்தது: தெருப்பெயர், பலகை, அவள் சாவி, பூட்டு, கதவு, உள்ளே முதுகுத் தகடு கழற்றிய நாலு மெஷின்கள், பெல்ட் மாட்டும் அவள் விரல்கள். அனுப்பினார்கள். திரையில் பதில் வந்தது: ‘பரிசீலனையில் உள்ளது. ஐந்து வேலை நாட்கள் ஆகலாம்.’

வார்டன் சொன்ன திங்கட்கிழமைக்கு இடையில் ஒரு வேலை நாள்கூட இல்லை.

7.

முடிவுகள்.

(அ) ஞாயிற்றுக்கிழமையே சிவப்பு எழுத்து மறைகிறது. வார்டன் கையெழுத்துப் போடுகிறார். இது கதையல்ல, விளம்பரம். டார்கெட் பார்த்தால் சுவரில் ஒட்டுவார்.

(ஆ) வீடியோ ஒரு விலாசம் சொல்கிறது, முன்னூறு பட்டியல்கள் வேறு விலாசம் சொல்கின்றன. நிராகரித்துவிடுகிறார்கள். அவள் முனைக்கடைக்குப் போகிறாள். நடக்கக்கூடியதுதான். எழுத உட்கார்ந்தேன், நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. முன்னூறு தடவை ஒட்டிய அதே கையால் இதையும் எழுதுவது…

(இ) அவள் அவனை மன்னிக்கிறாள், கடையிலேயே வேலை போட்டுத் தருகிறாள். இதை எழுதுகிறவன் விரலை மெஷின் டிரம்முக்குள் விட்டுச் சுற்ற வேண்டும்.

(ஈ) இதை நீங்கள்தான் எழுத வேண்டும். பட்டியல்கள் உதவுமா என்று தெரிந்துகொள்ளத்தானே வந்தீர்கள்? தெரிந்துகொண்டீர்கள். வார்டன் இடத்தில் உட்காருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வந்து, என் கடை திறந்திருக்கிறது என்கிறாள். உங்கள் கையில் இருக்கும் ஃபோன் மூடியாகிவிட்டது என்கிறது. யாரை நம்புவீர்கள்? எனக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.

எனக்குத் தெரிந்தது அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைதான்.

“நான் வேணா வார்டன்கிட்ட வந்து சொல்லட்டுமா அக்கா?” என்றான் அவன். “தப்பு எங்க பக்கம்தான்னு.”

“நீ யாருன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்லுவ?”

அவன் யோசித்தான். நிறுவனத்தின் ஆள் என்று சொல்ல முடியாது.

“விடு,” என்றாள். “திங்கக்கிழமை நானே போறேன். அங்கே ரெண்டு மெஷின் ஓடாம நிக்குதாம். பையைத் தூக்கிட்டுப் போய் முதல்ல அதை ஓட விடறேன். அப்புறம் மூடிட்டேனான்னு அவங்களே சொல்லட்டும்.”

“சரியா வருமாக்கா?”

“தெரியாது. கிளம்பு நீ. ஆள் நின்னா எனக்கு வேலை ஓடாது.”

அவன் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான். அவள் அதை வாங்கி, ஒரு துணியால் துடைத்துவிட்டுத்தான் பையில் போட்டாள். தெருமுனையைப் பார்த்தாள். ஸ்கூட்டர் இன்னும் நின்றிருந்தது.

“இவன் திரும்பப் பேச வருவான்,” என்றாள்.

அவன் படியிறங்கினான். பின்னால் அவள் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.