சின்ன லீவர்

"மொதல்ல நியூட்ரல், புள்ள! நியூட்ரல் போடாம சின்ன லீவரத் தொட்டா கடிக்கும்!"

கடலோர மணலில் டயர் புதைந்து நின்ற வண்டியில் சதக்கத்துல்லா சொல்லி முடிப்பதற்குள், ஸ்டீயரிங்கில் இருந்த மனைவி உம்மு ஹபீபா தொட்டுவிட்டாள். மிக்ஸியில் ஆணியைப் போட்டு அரைத்ததுபோல் ஜீப்புக்கு அடியில் ஒரு சத்தம். பனை உச்சியில் இருந்த காகங்கள் எழும்பி இலங்கைப் பக்கமாகப் பறந்தன. இன்னும் திரும்பியிருக்காது.

"கடிச்சிருச்சுங்க" என்றாள்.

"கடிக்காம என்ன செய்யும்? ஆட்டோமேட்டிக்னா எல்லாம் தன்னால நடக்கும்னு நெனைப்பு ஒனக்கு. கால பிரேக்குல வச்சு அழுத்து. வண்டி செத்த மாதிரி நிக்கணும். பெரிய லீவர நியூட்ரலுக்குக் கொண்டா. பெறகு சின்ன லீவர இழுத்து லோவுல போடு. லைட்டு மினுக்கும். மினுக்குறது நின்னு நெலையா எரிஞ்சா டிரைவ் போடு."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நாலைந்து தடவை மூச்சு வாங்கியது. ஈரலில் கட்டி. மதுரை டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். துபாயில் இருக்கும் மகன் சஃபீர் மட்டும் விரிக்கவில்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி, ஐ.சி.யூ., எல்லாவற்றையும் போனிலேயே ஏற்பாடு செய்துவிட்டான். இன்று காலை ஆம்புலன்ஸ் வருகிறது. கூட்டிப்போகும் பொறுப்பு சதக்கத்துல்லாவின் தம்பி பாக்கருக்கு.

"அந்த வண்டில நான் ஏறமாட்டேன்" என்று இரவே சொல்லிவிட்டார் சதக்கத்துல்லா. "மூக்குல ஒரு குழாய், வாயில ஒரு குழாய். நான் என்ன தண்ணி மோட்டாரா? பஜ்ரு தொழுதுட்டு என் வண்டில கடலுக்குப் போயிட்டு வாரேன். நீ ஓட்டு."

விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் அவள் ஜீப் சாவியை எடுத்தாள். ஒரு காலத்தில் கதவு நிலையில் தலை இடிக்கும் ஆள், இப்போது துவைத்த சட்டையின் கனம்தான். தூக்கிப்போய் முன்சீட்டில் வைத்து பெல்ட்டை மாட்டினாள். கீழக்கரை விழிப்பதற்குள் ஜீப் ஏர்வாடியைத் தாண்டிவிட்டது.

முப்பது வருடம் ஓமான் பாலைவனத்தில் வண்டி ஓட்டியவர். அவர் சொல்வதை நம்பினால், மணலில் புதைந்த அரபிகளை எல்லாம் இழுத்து வெளியே போட்டதில் அந்த நாடு அரை அடி இறங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் மகன் பேச்சை மீறி இந்த ஜீப்பை வாங்கினார். ஊரார் அதற்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தார்கள். அதைக் கழுவ அவர் ஊற்றிய தண்ணீரில் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனம் ஒரு போகம் விளைந்திருக்கும். ஆனால் கீழக்கரைச் சந்துகளில் லோ கியருக்கு என்ன வேலை? சின்ன லீவரை வாரம் தவறாமல் துடைத்து வைத்ததுதான் மிச்சம்.

இன்றைக்குத்தான் அதற்கு வேலை வந்தது.

அவள் பிரேக்கை அழுத்தினாள். நியூட்ரல். சின்ன லீவரின் மேல் அவர் கை வந்து உட்கார்ந்தது, அதன்மேல் அவள் கை. இழுத்தார்கள். லைட் மினுக்கி நின்று எரிந்தது. டிரைவ் போட்டு மெதுவாக மிதித்தாள். ஜீப் ஒருதரம் முக்கி, குழியை விட்டு ஏறி, மணல்மேல் ஊரத் தொடங்கியது.

"பாத்தியா! பாத்தியா!" அவர் டேஷ்போர்டைத் தட்டினார். "இனி நிப்பாட்டாத. மணல்ல நின்னா முழுங்கிரும். என்ன ஆனாலும் தார் ரோடு வர நிக்கக் கூடாது."

"இவ்வளவு மெதுவாவா போறது?"

"லோவுல போனா ஆடுகூட ஓவர்டேக் பண்ணும். பண்ணட்டும். வழி விட்டுரணும்."

கடலோரம் தரை இறுகிய இடமாகப் பார்த்து அவரே நிறுத்தச் சொன்னார். பிளாஸ்கில் இருந்த டீயில் அவள் மூன்று கரண்டி சீனி போட்டிருந்தாள். டாக்டர் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். இவர் ரசித்துக் குடித்தார்.

"மணல் சரியில்ல" என்றார், கடலை விட்டுவிட்டு. "ஓமான் மணல்தான் மணல்."

"அப்ப அங்கனயே இருந்திருக்க வேண்டியதுதானே?"

"நீ இங்கனல்ல இருந்த."

அவள் பிளாஸ்கின் மூடியைத் திருகினாள். ஏற்கெனவே இறுகியிருந்த மூடி. மறுபடியும் திருகினாள்.

திரும்பும்போது அவர் கை மறுபடி சின்ன லீவரின் மேல் உட்கார்ந்திருந்தது. போன் அடித்தது. சஃபீர். அடித்து ஓய்ந்தது. அடுத்தது பாக்கர்.

"எடுக்காத" என்றார் அவர். "வைதா வையட்டும். வீட்டுக்குப் போயி வாங்கிக்குவோம்." லேசாகச் சிரித்தார். பிறகு உதடு அசைந்தது. கலிமா சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கூடவே அவளும் சொன்னாள். அவள் முடித்தபோது அவர் உதடு அசையவில்லை. சின்ன லீவரின் மேலிருந்த கை அங்கேயே இருந்தது. அதன் கனம் மட்டும் வேறாகிவிட்டது.

அவள் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. மணல்.

"நிக்கமாட்டேங்க" என்றாள் சத்தமாக. "நீங்க பாட்டுக்கு இருங்க."

பனங்காட்டுக்குள் ஜீப் ஊர்ந்தது. எங்கும் புதையவில்லை.

தார் ரோட்டுக்கு ஏறியதும் நிறுத்தினாள். அவர் கண்களை மூடிவிட்டாள், தாடையைத் தன் துப்பட்டாவால் கட்டினாள். இனி லோவிலிருந்து எடுக்க வேண்டும். கெட்டி ரோட்டில் லோவில் ஓட்டினால் கியர்பாக்ஸ் அழும் என்று அவர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். பிரேக், நியூட்ரல், எல்லாம் செய்தாள். ஆனால் சின்ன லீவரைத் தள்ள, அதன்மேல் இருக்கும் அவர் கையை எடுக்க வேண்டும்.

டிரைவ் போட்டாள். வளைவில் டயர்கள் முனகின. அழட்டும் என்று விட்டாள்.

ஏர்வாடி தாண்டுவதற்குள் பின்னால் உப்பு லாரி, டவுன் பஸ், கல்யாண வேன், மீன்கூடை வைத்த பைக்குகள் எல்லாம் ஹாரனை அலறவிட்டபடி சேர்ந்துவிட்டன. வரிசையின் வால் சாயல்குடியில் இருந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். அவ்வளவெல்லாம் இல்லை.

எதிரே சைரனோடு ஆம்புலன்ஸ் வந்தது. பாக்கர் குதித்து இறங்கி ஜீப்போடு கூடவே நடந்தார். ஓட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"என்ன மதினி இது! சாகக் கெடக்குற மனுசன..."

"சைரன நிப்பாட்டச் சொல்லு பாக்கர். ஒங்க காக்கா போயிட்டாக."

பாக்கர் ஜன்னல் வழியாக அண்ணனைப் பார்த்தார். இன்னா லில்லாஹி ஓதினார். அப்புறமும் கூடவே நடந்தார்.

"நிப்பாட்டுங்க மதினி. ஆம்புலன்ஸ்ல மாத்திருவோம். வெரசாப் போயிரலாம்."

"ஏறமாட்டேன்னு சொன்ன வண்டில ஏத்துவியா? அவக பேசமுடியாதுன்னு ஆனதும் ஒனக்கு எம்புட்டுத் தைரியம் வருது!"

"இல்ல மதினி, ஜனம் பாக்குது..."

"பாக்கட்டும். ஒட்டகம் ஒட்டகம்னு சிரிச்சாகல்ல. நல்லாப் பாக்கட்டும்."

பாக்கர் கதவின் விளிம்பில் ஒரு கையை வைத்தார். ஆம்புலன்ஸ் திரும்பி, சைரன் இல்லாமல் பின்னால் வந்தது. விஷயம் வண்டி வண்டியாகப் பின்னால் போயிற்று. ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. உப்பு லாரி டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

ஜீப்புக்கு முன்பே சேதி போய்ச் சேர்ந்து, வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். நாத்தனார் தஸ்னீமின் கையில் மடித்த வெள்ளைச் சேலை தயாராக இருந்தது. படியேறினால் இத்தா, புருசனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் காலம். இருப்பாள். மாதக்கணக்கில் வாசல் தாண்டாமல் இருப்பாள், அதில் ஒன்றும் குறை வைக்கமாட்டாள்.

ஜீப் வாசலைக் கடந்து போனது.

"மதினி! வீடு தாண்டிருச்சு!"

"தெரியும் பாக்கர். பள்ளிவாசலச் சுத்தி ஒரு சுத்து. வந்துருறேன், சேலைய வச்சிருக்கச் சொல்லு."

இரண்டு பெடலிலிருந்தும் காலை எடுத்தாள். யாரும் மிதிக்காமலே வண்டி தானாக ஊர்ந்தது. சந்து முனையில் ஒரு வெள்ளாடு, வாயில் பூவரச இலையோடு, இடப்பக்கமாக வந்து அவர்களை முந்தியது.

ஹபீபா ஸ்டீயரிங்கைச் சற்று ஒடித்து அதற்கு வழி விட்டாள்.