கடைசிப் பத்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டில் இருந்தவரை மகள் கிருசாந்தி கூப்பிட, சோற்றுக் கையோடு எழும்பி வந்து கணினிக்கு முன்னால் நின்றார் தில்லைநாதன். திரையில் அவருடைய படம் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஓட்டாத நாட்களிலெல்லாம் ஒஸ்லோவின் ரொம்சோஸ், குரோருட் பகுதிகளில் அலைந்து, மூன்று வருடமாக எடுத்த படம். அந்த நகரத்தின் இரண்டு தமிழ்க் கடைகளில் மட்டும் விற்பனைக்கு வைத்திருந்ததை எவனோ இணையத்தில் சும்மா ஏற்றிவிட்டிருந்தான்.

"களவு," என்றார். "அதை எடுத்துவிடச் சொல்லி அந்தத் தளத்துக்கு எழுது பிள்ளை."

அவள் எழுதி முடித்தாள். "அனுப்பட்டோ அப்பா?"

பதில் சொல்லுமுன் கைத்தொலைபேசி அடித்தது. படத்தின் தொடக்கத்தில் அவருடைய இலக்கம் போட்டிருந்தது.

"தில்லைநாதன் அண்ணையே? நான் கமலாதேவி, நோர்வேயின்ரை வடக்குக் கரையிலை, ஹம்மர்பெஸ்டிலை மீன் பக்டரியிலை வேலை. உங்கட படம் நெற்றிலை பாத்தனாங்கள். அதிலை வாற பிள்ளை தாய்வீட்டுக் கதவைத் தட்டுறதோட படம் நிண்டிட்டுது. மிச்சத்தையும் ஒருக்கா போட்டுவிடுறீங்களே?"

ஏற்றினவன் கடைசிப் பத்து நிமிடத்தை வெட்டியுமிருக்கிறான். இன்னும் கோபம் வந்தது. "அதை நான் போடேல்லை தங்கச்சி. கடையிலை வாங்கித்தான் பாக்க வேணும்."

"இஞ்சை கடை எங்கை அண்ணை? பிளேன் ஏறியெல்லோ ஒஸ்லோவுக்கு வரவேணும். காசு தரமாட்டம் எண்டில்லை. ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு தெரியேல்லை."

கள்ளர் இப்படிக் கதைப்பார்களா? தன் அலுமாரியில் இருக்கும் இந்தியப் படங்களில் ஒன்றுகூட அசல் இல்லை என்பது, வேண்டாத நேரத்தில் ஞாபகம் வந்தது.

"விலாசத்தைச் சொல்லுங்கோ. தபாலிலை அனுப்பிவிடுறன்."

"அனுப்புங்கோ, காசும் போட்டுவிடுறம். ஆனா இப்ப பதினொரு பேர் இதுக்கு முன்னாலை குந்திக்கொண்டு இருக்கிறம். கதவு திறக்குதோ இல்லையோ எண்டதை மட்டும் சொல்லுங்கோவன்."

படத்தை விற்கும் கடைக்காரர்கள்கூட அவரிடம் அதன் முடிவைக் கேட்டதில்லை. சந்தோசப்படுவதா, ஏசுவதா என்று அவருக்கு விளங்கவில்லை.

"அப்பா, கடிதத்தை என்ன செய்யிறது?" கிருசாந்தி மெதுவாகக் கேட்டாள்.

அவர் கையை அசைத்தார். பொறு என்றா, அனுப்பு என்றா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திராது.

"கதவு திறக்குது," என்றார் தொலைபேசியில். "ஆனா திறக்கிறது தாய் இல்லை..."

அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். கதிரைகள் கிட்ட இழுபடும் சத்தம் கேட்டது. அவர் மிச்சத்தையும் சொல்லத் தொடங்கினார்.