குழாயில் காற்று

மறுபடியும் சுருளிவேல் ஸ்டார்ட்டரை அமுக்கினான். கொட்டகைக்குள் லாரி முனகிவிட்டு அடங்கியது. நடுவீட்டில் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜக்கம்மா, ஒப்பாரிக்கு நடுவிலும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத பக்கத்து வீட்டு அக்கம்மாள், இவளும் சேர்ந்து குலுங்குவதாக நினைத்துக்கொண்டாள். ஜக்கம்மாவுக்கு அப்போது அழுகை வரவில்லை. கொழுந்தன் சுருளிவேல் மேல் கோபம்தான் வந்தது.

பிச்சைமணி விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அவள் வெந்நீர் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். ஒரே மகள் சந்தனம்மாள் கம்பமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மகள் வந்து முகம் பார்த்து, அவள் கையால் வாய்க்கரிசி போட்ட பிறகுதான் தூக்க வேண்டும் என்று ஜக்கம்மா சொல்லிவிட்டாள். மாட்டுவண்டி அனுப்பினால் போய்ச்சேரவே மறுநாள் ஆகிவிடும். ஆடி மாதத்து மழையில் மெட்டுப் பாதை முழுக்கச் சேறு. அதில் ஏறக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதுதான் இப்போது கொட்டகைக்குள் முனகிக்கொண்டிருந்தது.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்த லாரி அது. நாலு சக்கரமும் இழுக்கும். ஆனால் பெட்ரோலுக்குக் கூப்பன், கூப்பனுக்குத் தாலுகா ஆபீஸ், அங்கே போனால் நாளைக்கு வா. பிச்சைமணிக்குப் பொறுமை போய்விட்டது. தோட்டத்துக் கிணற்றுக்கென்று மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றி வந்திறங்கிய புத்தம்புது டீசல் எஞ்சினைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். பழைய எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே வைத்துவிட்டு இதை அதில் இறக்கப்போவதாக அறிவித்தார். கிணறு கூட்டுக் கிணறு. அன்றோடு அண்ணன் ஒச்சாண்டி அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இறக்குவது சொன்ன மாதிரி லேசாக இல்லை. புது எஞ்சின் பழையதைவிட நல்ல கனம். முன்பக்கத்து வில்பட்டையில் கூடுதல் பட்டை சேர்த்தார்கள். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் துளைகள் சேராமல், நடுவில் வைக்க ஒரு தகட்டை மதுரையில் வார்த்து வாங்கி வந்தார்கள். சங்கிலியை ஜக்கம்மா பிடிப்பாள், அவர் அடியில் படுத்துக் கத்துவார். இவளும் பதிலுக்குக் கத்துவாள். ஊரே சிரித்தது. நேற்றுச் சாயங்காலம் எஞ்சின் ஓடியது. கொட்டகையில் இவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு ஆள் இல்லை. அவர் சிரித்த சிரிப்பை அவள் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

மறுபடியும் ஸ்டார்ட்டர். இந்தத் தடவை முனகலே தேய்ந்துவிட்டது. பேட்டரி போகிறது என்று ஜக்கம்மாவுக்குத் தெரிந்தது. எஞ்சினுக்குள் ஒரு தடவைகூட எண்ணெய் பற்றவில்லை, வெறுமனே சுற்றுகிறது என்பதும் தெரிந்தது.

ஒச்சாண்டி வாசலிலிருந்து உள்ளே வந்தார். தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"வண்டி எந்திரிக்கல தாயி. உச்சிக்குள்ள எடுத்துருவோம். மகளுக்குப் பெறகு சொல்லிக்கிருவோம்."

"நேத்து ஓடுச்சு மாமா."

"நேத்து அவன் இருந்தான்."

ஜக்கம்மா எழுந்தாள்.

பிணத்தைத் தூக்குகிற வரைக்கும் பெண்டாட்டி தலைமாட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அந்த ஊரில் அதுவரை யாரும் எழுந்ததும் இல்லை. அக்கம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், ஒப்பாரி பாதியில் நின்றது, யாரோ ஒரு கிழவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஜக்கம்மா முந்தானையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டத்தைத் தாண்டிக் கொட்டகைக்குப் போனாள். புருஷனுக்குக் கோபம் வராது என்பது அவளுக்கு நிச்சயம். மற்றவர்களின் கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுருளிவேல் கம்பம் பஸ்ஸில் டிரைவர். பெட்ரோல் வண்டியின் நாடி அவனுக்கு அத்துப்படி. வியர்த்துப்போய் நின்றான்.

"எண்ணெய் வருதான்னு குழாயக் கழத்திப் பாத்தேன் மதினி. நல்லாத்தான் வருது. திருப்பி மாட்டிட்டேன்."

"கழத்துனதுதான் வினை. இதென்ன ஒங்க பஸ்ஸா? குழாய்ல கொஞ்சம் காத்துப் போனாலும் இது எந்திரிக்காது."

அவள் ஸ்பானரை எடுத்து எண்ணெய்ப் பம்பின் தலையிலிருந்த சின்னத் திருகைத் தளர்த்தினாள். கீழேயிருந்த கைப்பிடியை விரலால் அமுக்கி அமுக்கி விட்டாள். திருகின் ஓரத்தில் எண்ணெய் நுரைத்துக்கொண்டு வந்தது. இந்த வேலை எப்போதும் அவளுடையதுதான். அவருடைய விரல் தடித்தது, அந்த இடுக்கில் நுழையாது. நுரை கொப்புளமாகி, கொப்புளம் குறைந்து, கடைசியில் தெளிந்த எண்ணெய் மட்டும் வழிந்தது. திருகை இறுக்கினாள். அடுத்த திருகுக்குப் போனாள்.

இனி பேட்டரியை நம்புவதற்கில்லை. வாசலில் துட்டிக்கு வந்த ஆம்பிளைகள் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் வந்து தள்ளுங்கள் என்று ஜக்கம்மா கூப்பிட்டாள். ஒருத்தரும் அசையவில்லை. எல்லாரும் ஒச்சாண்டியைத்தான் பார்த்தார்கள். முதலில் எழுந்தவர்கள் கொட்டுக்காரர்கள். கொட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து லாரியின் பின்பக்கத்தில் கை வைத்தார்கள். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

வாய்க்காலை நோக்கி இறங்குகிற தெருவில் லாரி உருண்டது. இப்போது கிளட்சை விடு என்று அவள் கத்தினாள். சுருளிவேல் விட்டான். லாரி ஒரு குலுக்குக் குலுக்கி, கரும்புகையைக் கக்கி, தடதடவென்று பிடித்துக்கொண்டது. சுருளிவேல் வண்டியை நிறுத்தாமல் மெட்டை நோக்கி ஓட்டிப் போனான். தள்ளியவர்கள் புகைக்குள் இருமிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் சிரித்தே விட்டான், பிறகு எழவு வீடு ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டான்.

ஒச்சாண்டி மட்டும் வாசற்படியிலேயே நின்றார். ஜக்கம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அவரிடம் வந்தாள்.

"பொழுது அடையிறவரைக்கும் பொறுங்க மாமா. வந்துருவா."

"வரலைன்னா?"

"வந்துருவா."

அதன் பிறகு அவள் தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். டீசல் வாடை அடித்த கையாலேயே புருஷனின் நெற்றியைத் தடவினாள். அப்போதுதான் அழுகை வந்தது. அடக்கவில்லை.

உச்சி தாண்டியது. அல்லிநகரத்துச் சொந்தங்கள் வந்து சேர்ந்தார்கள், எடுக்கவில்லையா என்று கேட்டார்கள். மலைப் பக்கம் கருத்துக் கிடந்தது. வண்டி சேற்றில் படுத்திருக்கும் என்று ஒருவர் சொன்னார், உருண்டிருக்கும் என்று இன்னொருவர். ஜக்கம்மா இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டாள். அந்தத் தகட்டில் ஒவ்வொரு போல்ட்டும் முறுக்கும்போது அவள் விளக்குப் பிடித்திருக்கிறாள். அது விடாது. பாடை கட்டி முடித்து வெயிலும் தணிந்த பிறகு, எடுத்துவிடலாமா என்று ஒச்சாண்டியிடம் கேட்டார்கள். அவர் மேற்கே பார்த்துவிட்டு, பொறுங்கப்பா என்றார்.

பொழுது மலையைத் தொடுகிற நேரத்தில் தெருமுனையில் தடதடப்பு கேட்டது. கூரை மட்டும் சேறில்லாமல் லாரி வந்து நின்றது. சந்தனம்மாள் முன்பக்கத்திலிருந்து குதித்து, அப்பா என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள். வாய்க்கரிசி போடும்போது அரிசி மார்பெல்லாம் சிந்தியது. ஜக்கம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுருளிவேல் குனிந்தபடி உள்ளே வந்தான்.

"சாவிய அணைச்சிட்டேன் மதினி, நிக்க மாட்டேங்குது. எப்படி நிறுத்துறது?"

ஜக்கம்மா எழப்போனாள். ஒச்சாண்டி கையை நீட்டித் தடுத்தார். காலையிலிருந்து முதல் தடவையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடட்டும். அவன் போறவரைக்கும் ஓடட்டும்" என்றார். துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

லாரி பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அந்தச் சத்தத்துக்கு மேல் கொட்டுக்காரர்களால் அடிக்க முடியவில்லை. இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, கொட்டைத் தொங்கவிட்டபடி பாடைக்கு முன்னால் நடந்தார்கள். பாடை லாரியை ஒட்டி, ஆடுகிற விளக்குக் கண்ணாடியைத் தாண்டிப் போனது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டுக் குளிக்கத் திரும்பினார்கள்.

ஜக்கம்மா படியில் கால் வைத்து லாரியில் ஏறினாள். டிரைவர் இடத்துக்குக் கீழே நிறுத்துகிற கம்பி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் வாய்க்கால் பாலத்தில் திரும்பும் வரைக்கும் பார்த்திருந்தாள். பிறகு இழுத்தாள். எஞ்சின் இரண்டு தரம் குலுங்கி நின்றது. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் தெளிவாகக் கேட்டது.